நாவலில் இல்லாத பையன்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் நெஞ்சில் குடியிருக்கிறது. உன் கண் எரிச்சல் குறைந்ததா? அம்மா எப்படி இருக்கிறார்?

நல்ல சேதி. இத்தனை வருடம் அடுத்தவர் படங்களில் உதவி இயக்குநராக வெயிலில் காய்ந்தவனுக்கு ஒருவழியாக ஒரு தயாரிப்பாளர் கிடைத்திருக்கிறார். என்ன கதை வைத்திருக்கிறாய் என்று கேட்டார். யோசிக்காமல் உன் நாவலைச் சொல்லிவிட்டேன். அச்சடித்ததில் பாதி பதிப்பாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தூங்குகிறது என்றாயே, அதே நாவல்தான். ஒருத்தி ஒரு நாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு புருஷன் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் கிளம்புறா?" என்றார். புத்தகத்தில் கடைசிவரை சொல்லவில்லை என்றேன். "அப்ப நாம சொல்லணும்" என்றார்.

அது நம் வீட்டுக் கதை என்று எனக்குத் தெரியாதா? சமையலறை ஜன்னலில் ஒரு கம்பி வளைந்திருந்ததைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாய். ஆனால் என்னைத் தேடினேன். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், எங்கேயும் நான் இல்லை. அந்த வீட்டில் ஒரே பிள்ளை. சரி, கதைதானே, போகட்டும்.

சரி என்று ஒரு வரி எழுது.

தபால்காரரை வழிமறிக்கத் தெருவில் நிற்கும்
தம்பி


ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

கண் பரவாயில்லை. நாளெல்லாம் எக்ஸ்ரே இருட்டறையில் நிற்பவளுக்கு வெளிச்சம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. உன் இருமலைப் படமெடுத்துப் பார்க்க இங்கே வா, காசு வேண்டாம். யோசித்துப் பார்த்தால் நீயும் நானும் ஒரே தொழில்தான். நீ ஃபிலிமில் முகத்தைப் பிடிக்கிறாய், நான் எலும்பைப் பிடிக்கிறேன்.

அம்மா அதே ஊரில், அதே மாடி அறையில். சலவைக் கடையில் பட்டன் வைப்பதையும் கிழிசல் தைப்பதையும் விட்டுவிட்டு என்னோடு வந்து இருக்கச் சொன்னால் கேட்பதாக இல்லை.

படம் எடு. உனக்கு இல்லாமல் வேறு யாருக்குக் கொடுக்கப்போகிறேன்? அப்பா இறந்த அன்று அந்த வீட்டு வாசலில் என்னை அடையாளம் தெரியாமல் நீ "யார் வேணும்?" என்று கேட்டாய். அன்றிலிருந்து உனக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்றிருந்தேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். அவள் ஏன் போனாள் என்று படத்திலும் சொல்லாதே. சொல்லாமல் விட்டதுதான் அந்த நாவல்.

நீ ஏன் அதில் இல்லை என்று கேட்டிருந்தாய். கதைக்கு ஒரு பிள்ளை போதுமென்று தோன்றியது. அவ்வளவுதான்.

உன் முதல் படத்துக்கு முதல் டிக்கெட் எனக்கு.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? இங்கே இருமல் போய் வயிற்றெரிச்சல் வந்திருக்கிறது. திரைக்கதை எழுதுகிறவனுக்கு அதுதான் முதல் சம்பளம் போலிருக்கிறது.

கொஞ்சம் மாற்ற வேண்டியதாயிற்று, கோபப்படாதே. உன் நாவல் அம்மாவோடு பேருந்து ஏறிப் போய்விடுகிறது. பிறகு வாடகை அறை, தையல், மகளின் பள்ளிக்கூடம். படித்தால் இறங்குகிறது. படமாக நினைத்துப் பார்த்தால் ஒருத்தி தைக்கிறாள், இன்னொருத்தி படிக்கிறாள், அவ்வளவுதான். கேமராவுக்கு வேலையில்லை. ஆகவே என் படம் பேருந்து ஏறவில்லை, வீட்டிலேயே நின்றுவிட்டது. அவள் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாருமே எழுதவில்லையே. பிள்ளையைப் பையனாக்கிவிட்டேன். அவன் அப்பாவோடு இருக்கிறான். சோறு குழைகிறது, சட்டைப் பட்டன் மாறிப்போகிறது, அப்பா தலை வாரிவிடக் கற்றுக்கொள்கிறார். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது, அக்கா. என்னிடம் இருப்பது இதுதான்.

காரணம் சொல்லாதே என்றாய். முயற்சி செய்கிறேன். தயாரிப்பாளர்தான், அது இல்லாவிட்டால் ஜனங்கள் சீட்டைக் கிழிப்பார்கள் என்கிறார்.

உன் திட்டுக்குத் தயாராக,
தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

வயிற்றுக்கு மோர் குடி, திரைக்கதைக்கு மருந்து தெரியவில்லை.

அப்பாவும் பையனும் இருக்கட்டும். அது உன் பங்கு, அதைக் கேட்க எனக்கு உரிமையில்லை. தலை வாரிவிடுகிற இடத்தைப் படித்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டேன். ஆனால் காரணத்தைத் தயாரிப்பாளரிடம் விடாதே. புத்தகத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டால் படிக்கிறவர் தன் வீட்டிலிருந்து எதையாவது எடுத்து வந்து அதில் வைத்துக்கொள்வார். படத்தில் அப்படி விட முடியாது, எதையாவது காட்டித்தான் ஆகவேண்டும். சரி, காட்டு. ஆனால் அம்மாவின் மணிக்கட்டைக் காட்டு. நாவலில் மூன்று இடத்தில் வருகிறது. கோணலாகக் கூடின எலும்பு, டப்பா மூடியைத் திறக்க முடியாமல் மகளிடம் நீட்டுகிறாள். அதை ஒரே ஒரு முறை காட்டினால் போதும். பார்க்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை.

மணிக்கட்டு வருமா வராதா என்று மட்டும் உடனே எழுது.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குத் திட்டாதே. படப்பிடிப்பில் சாப்பிடுவதற்கே ஞாபகப்படுத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. நீ நலமா? உடம்பு இளைத்துக் கறுத்துவிட்டேன், படம் முடிந்துவிட்டது.

நம் வீட்டை அப்படியே அரங்கமாகக் கட்டினோம். நீ எழுதிய வளைந்த ஜன்னல் கம்பியைப் பார்த்துத்தான் தச்சர் வளைத்தார். முதல் நாள் உள்ளே போகும்போது என்னை அறியாமல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டேன்.

மணிக்கட்டை எடுத்தோம். நடிகை நன்றாகத்தான் செய்தார். திரையில் பார்த்தால் ஏதோ வாதம் வந்தவர் மாதிரி இருந்தது, வெட்டிவிட்டேன்.

காரணம் வைக்க வேண்டியதாயிற்று. மதியம், பையன் தூங்குகிறான். தெருமுனையில் ஒரு வேன் நிற்கிறது. உள்ளே ஓர் ஆள், முகம் காட்டவில்லை, சட்டைக் கை மட்டும். அவள் பெட்டியோடு ஏறுகிறாள். அவளைக் கெட்டவளாகக் காட்டவில்லை, சத்தியமாக. பையன் விழித்துக்கொண்டு செருப்பில்லாமல் வேனுக்குப் பின்னால் ஓடுகிறான். தார் இளகும் வெயில். அந்த ஓட்டத்தை வெட்டாமல் ஒரே மூச்சில் எடுத்தேன். அது மட்டும் கற்பனை இல்லை, அக்கா. அந்த நாளில் எனக்கு ஞாபகமிருப்பது அது ஒன்றுதான். வெறுங்கால், சூடு, நான் ஓடிக்கொண்டே இருக்கிறேன். மற்றதெல்லாம் அப்பா சொல்லித் தெரிந்தது. நீ தூங்கிட்டு இருந்தே, உன்னை எழுப்பக்கூட இல்லை என்பார்.

ஆகஸ்டில் வெளியீடு. டிக்கெட் அனுப்புகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 30

அம்மாவுக்கு,

மூட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டதா? இத்துடன் இரண்டு புட்டி அனுப்பியிருக்கிறேன், ஒன்றைப் பக்கத்து அறைக்குத் தானம் செய்துவிடாதே. நான் சுகம்தான்.

தம்பியின் படம் வந்துவிட்டது. இங்கே முதல் நாளே பார்த்தேன். உன் ஊருக்கு வந்தால் நீ போகாதே. ஏன் என்று கேட்காதே. போகாதே, அவ்வளவுதான். வாரப் பத்திரிகையில் அவன் பேட்டி வந்திருக்கிறது, இது என் சொந்த வீட்டில் நடந்தது என்று சொல்லியிருக்கிறான். பக்கத்திலேயே அவன் முகம், உன் மூக்கும் உன் நெற்றியுமாக. அந்தத் தாய் நீதான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது.

இத்தனை நாள் நீ சொன்னதற்காகத்தான் நான் வாயைத் திறக்கவில்லை. நாவலிலிருந்து அவனை எடுத்ததும் உனக்காகத்தான். அவனை வைத்து எழுதினால் அந்த நாளை எழுதியாக வேண்டும், அதை எழுதாமல் விட அவனையே விட்டேன். விட்ட இடத்தில் அவன் என்ன கொண்டுவந்து வைத்திருக்கிறான் தெரியுமா? இனிமேல் அவனிடம் சொல்லலாமா? ஒரு வார்த்தை எழுது.

உன் மகள்


செப்டம்பர் 8

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

தைலம் வந்தது. ஒரு புட்டி பக்கத்து அறைக்குத்தான் போனது, அவளுக்கும் முட்டி என்று ஒன்று இருக்கிறதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதம் வருமுன்பே படம் பார்த்தாயிற்று. உங்க பிள்ளை எடுத்த படம் என்று சலவைக் கடைக்காரர் மனைவி ஆசையாக மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனாள். வீட்டை அப்படியே கட்டியிருக்கிறான். அப்பாவாக நடித்தவர் பையனுக்கு நகம் வெட்டிவிடும் இடத்தில் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. எனக்கும் கண் கலங்கியது. அவர் அவனை நன்றாகத்தான் வளர்த்தார், அதில் பொய் இல்லை. பிறகு அந்த வேன் வந்தது. பின் வரிசையில் ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னாள், அதை எழுத மாட்டேன். அதுவரை என் கையைப் பிடித்திருந்த கடைக்காரர் மனைவி மெதுவாகத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் பையன் ஓடினான். அவன் ஓடியது நிஜம்தான். திசைதான் வேறு.

உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் நீயும் நானும் இதை வாய்விட்டுப் பேசியதே இல்லை, அதனால் எழுதுகிறேன். அன்று அவனுக்கும் சட்டை மாட்டி, தலைவாரி, உன் பக்கத்தில்தான் நிறுத்தினேன். அப்பா வரலையா என்று கேட்டான். வரமாட்டார் என்றேன். பெட்டியைப் பூட்டிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். தெருக்கோடியில் அவர் வேலை பார்த்த கிடங்குக்கு அந்த வெயிலில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறான். அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, அப்பாவையும் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றான். ஆறு வயசு. அப்பா ஏமாந்து போய்விடுவாரே என்று அவனுக்குக் கவலை.

கதவு சாத்தின பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் பட்ட அடியெல்லாம் ஆறிவிட்டது, அன்றைக்குப் பட்டதுதான் இந்த மணிக்கட்டில் நிற்கிறது. ஒரு கையால் அவனை இடுக்கிக்கொண்டு நின்றார். நீ பின்பக்கமாக என்னை இழுத்துக்கொண்டு ஓடாவிட்டால் இதை எழுத நான் இல்லை.

அம்மா நம்மை விட்டுவிட்டுப் போனாள் என்று நினைத்துக்கொண்டு ஒருவன் கோபத்தோடு காலத்தை ஓட்டிவிடலாம். நானேதான் அவரைக் கூட்டிவந்தேன் என்று தெரிந்தால் அவன் எப்படி இருப்பான்? அவனிடம் சொல்லாதே.

கை எழுத வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

அம்மா


அக்டோபர் 19

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பத்திரிகையில் ஆசிரியருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். "இந்தப் படத்துக்கும் என் நாவலுக்கும் ஜன்னல் கம்பி ஒன்றைத் தவிர எந்த ஒற்றுமையும் இல்லை. இதில் வரும் தாயை எனக்குத் தெரியாது." நன்றாக எழுதியிருக்கிறீர்கள், எழுத்தாளர் இல்லையா. படத்துக்கு விருது கிடைத்த வாரத்தில் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்.

படம் நாவலுக்குத் துரோகம் செய்துவிட்டதா என்று எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். நாவல் எனக்குச் செய்ததை யாரும் கேட்கவில்லை. இருநூறு பக்கத்தில் எனக்கு ஒரு வரி கிடையாது. பூனைக்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அப்பா அதைப் படித்தார், தெரியுமா? கடைசி நாட்களில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். முடித்துவிட்டு "உன்னைக் காணோமேடா" என்றார். நீங்கள் என்னைப் புத்தகத்திலிருந்து எடுத்தீர்கள். நான் உங்களைப் படத்திலிருந்து எடுத்தேன். இதில் உங்களுக்கு என்ன வருத்தம்?

வேனில் வந்த ஆள் பொய் என்றால் எது நிஜம் என்று சொல்லுங்கள். அப்பாவுக்கும் வாய் இல்லை, அம்மாவும் வாய் திறப்பதில்லை, நீங்கள் ஊருக்கெல்லாம் எழுதுவீர்கள், எனக்கு எழுத மாட்டீர்கள். ஒரே ஒரு கேள்வி. நான் ஓடினேன், அது எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தீர்களா இல்லையா?

இதற்குப் பதில் எழுதுங்கள். என் பேச்சு தப்பென்றால் எல்லாப் பத்திரிகையையும் கூப்பிட்டு மாற்றிச் சொல்கிறேன்.

தங்கள் தம்பி


அக்டோபர் 27

அம்மாவுக்கு,

சலவைக் கடையில் உன்னை வரவேண்டாம் என்று சொன்னதைக் கீழ்வீட்டம்மா எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? "வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரிப் பேசுறாங்க, கொஞ்ச நாள் போகட்டும்" என்றாராமே. நீயும் சரி என்று ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாயாமே. இத்தனை வருடம் அவர்கள் துணியைத் தைத்த கை அது.

தம்பியின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார். அவனே கேட்கிறான், அம்மா. நான் இரண்டு வரி எழுதினால் போதும், எல்லாவற்றையும் மாற்றிச் சொல்வதாகச் சொல்கிறான். நீ நிமிர்ந்து தெருவில் நடக்கலாம். எழுதட்டுமா?

அடுத்த வாரம் வந்து உன்னை இங்கே கூட்டிவருகிறேன். இந்த முறை உன் பேச்சைக் கேட்க மாட்டேன்.

மகள்


நவம்பர் 3

அன்பு மகளுக்கு,

நான் சுகம். வேலை போனதில் மூட்டுக்குக் கொஞ்சம் ஓய்வு.

அவன் கடிதத்தைப் படித்தேன். எழுத்து அவன் அப்பாவுடையது, கோபம் உன்னுடையது. உன்னையும் அவனையும் பக்கத்தில் வைத்து வளர்த்திருந்தால் தினமும் ஒரு சண்டை பார்த்திருப்பேன்.

திரும்பிப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறான். அவன் மனசு எதைத் தாங்குமோ அதை எழுது. நடந்ததை எழுதாதே. எழுதினால் அந்தக் கடிதம் போய்ச் சேரும் நாளில் நான் உன் அம்மா இல்லை.

உன் ஊருக்கு வருகிறேன். தையல் மெஷினையும் எடுத்துக்கொள்ளலாமா?

அம்மா


நவம்பர் 16

தம்பிக்கு,

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கேள்விக்குப் பதில். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நாங்கள் கிளம்பிவிட்டோம். பிறகு நீ ஓடி வந்தாய். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

வேனில் வந்த ஆளைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. பத்திரிகைக்கும் இனி எழுத மாட்டேன். படம் நன்றாக ஓடட்டும்.

எனக்கு இனிமேல் கடிதம் போடாதே.

அக்கா


நவம்பர் 29

என் அன்பான அக்காவுக்கு,

கடிதம் போடாதே என்றாய், இது ஒன்று மட்டும். நான் நலம், நன்றாகத் தூங்குகிறேன். உன் பதில் கையில் கிடைத்த அன்று அழுதேன். துக்கத்தில் இல்லை. இத்தனை வருடம் எல்லோரும் பூசி மெழுகியதை நீ நாலே வரியில் ஒப்புக்கொண்டாய். அதற்கு எத்தனை மனது வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன்மேல் இனி எனக்கு ஒரு கோபமும் இல்லை, நிஜமாக.

உன் கடிதத்தைத் தயாரிப்பாளரிடம் காட்டினேன். அவரும் நெகிழ்ந்துவிட்டார். நாவலை மறுபடியும் அச்சடிக்கிறார்கள், அட்டையில் பையன் ஓடுகிற படம். முன்னுரையில் நீ எழுதிய அந்த நாலு வரியைச் சேர்க்கலாமா என்று பதிப்பாளர் கேட்கிறார். நாவலில் விட்டுப்போன உண்மையை எழுதியவரே சொல்வதாக இருக்கும். நீ பதில் போடாவிட்டால் சம்மதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

அம்மாவைப் பார்க்க வரவேண்டும் என்றிருக்கிறது. அடுத்த படத்தின் வேலை தொடங்கிவிட்டது, முடித்துக்கொண்டு வருகிறேன். அதற்குள் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடு. வேனைப் பற்றி நான் எதுவும் கேட்க மாட்டேன். என்னை எழுப்பாமல் போனதற்காகவும் திரும்பிப் பார்க்காமல் போனதற்காகவும் நான் அவரை மன்னித்துவிட்டேன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி